கார் சீட் வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்

என் கைப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா கிடக்கும். தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த மாதிரி மஞ்சள் நாடா. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பிறந்த பிள்ளையின் நீளமும் தலைச்சுற்றளவும் எடுத்து எடுத்துப் பழகிய கை. அதனால்தானோ என்னவோ, "எங்க பிள்ளைக்கு எந்த கார் சீட் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் வயதைக் கேட்பதில்லை. உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, என்ன கார் என்றுதான் கேட்பேன்.

முதல் இரண்டுக்கும் பலரிடம் பதில் இருக்காது. "ரெண்டு வயசு ஆகுது" என்பார்கள். இரண்டு வயதில் ஒரு பிள்ளை 82 செ.மீ. இருக்கும், இன்னொன்று 92 செ.மீ. இருக்கும். இரண்டுமே ஆரோக்கியமான வளர்ச்சிதான். ஆனால் ஒன்றுக்குச் சரியாக இருக்கும் வார் மற்றொன்றுக்குத் தோளை அழுத்தும். ஆகவே பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டு மேலே படியுங்கள். நிற்கத் தெரியாத குழந்தை என்றால் படுக்கவைத்து, முழங்காலை மெல்ல நீட்டி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்தால் போதும்.

இதை எழுதும் எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 2 வயது 3 மாதம். மகள் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு அப்போது 10 மாதம். பின்னோக்கிய சீட்டில், அதாவது முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி, உட்காரும்போது காலை மடக்கி, காரின் முதுகுச் சாய்வில் பாதத்தை ஊன்றிக்கொள்வாள். பாவம், கால் வலிக்குமே என்று சீட்டை முன்னோக்கித் திருப்பிவிட்டேன். அந்த சீட்டின் லேபிளில் 9 கிலோவுக்கு மேல் முன்னோக்கி வைக்கலாம் என்று போட்டிருந்தது. அவள் 9 கிலோ 200 கிராம். விதிப்படி ஒரு குற்றமும் இல்லை. சில நாள் கழித்து என்னோடு வேலை பார்க்கும் மூத்த செவிலியர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், எங்கள் காரில் ஏறினார். "காலை மடக்கினப்போ அவ அழுதாளா?" என்று கேட்டார். இல்லை, ஒருநாளும் அழவில்லை. "அப்புறம் யாருக்காகத் திருப்பின?" என்றார். சொல்லிக்கொண்டே சீட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். ஒரு சாண் நகர்ந்தது. திருப்பிய நாளிலிருந்து அப்படித்தான் ஓடியிருக்கிறோம்.

அன்று இரவே கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதன்பிறகு படித்ததும் பொருத்திப் பார்த்ததும் கற்றதும்தான் கீழே இருப்பவை.

மடி ஏன் ஆகாது

என் மாமியார் சொன்னார், "நாங்கெல்லாம் மடியில வச்சுத்தானே கூட்டிட்டுப் போனோம். இறுக்கிப் பிடிச்சுக்கறேன், குடும்மா." அவருடைய அன்பில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பேரனை அவர் பிடித்த பிடி இளகியதே கிடையாது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய் எதிலாவது மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது மூன்று மாடி. காரின் முன்பக்கம் நசுங்கி, 60 செ.மீ. தூரத்துக்குள் வண்டி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிடிக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த, அதன் எடையைப் போல 16 மடங்கு பலம் வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 160 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம். எந்தக் கையாலும் முடியாது. பெரியவரோடு சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டால் இன்னும் மோசம். பெரியவரின் முழு எடையும் நடுவில் இருக்கும் பிள்ளையின் மேல்தான் விழும்.

இதை அத்தையிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அதுலயே உட்காரட்டும். நான் பக்கத்துல உட்காந்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து வார் இறுக்கமாக இருக்கிறதா என்று கடைசியாகத் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான்.

பின்னோக்கி என்றால் என்ன, எதுவரை

கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒன்றை ஒட்டி வரும். அந்தக் கனமான தலையைத் தாங்கும் கழுத்து எலும்புகள் இன்னும் முழு எலும்பாகவில்லை. துண்டு துண்டாக, இடையில் குருத்தெலும்போடு இருக்கும். முன்னால் மோதும்போது, முன்னோக்கி உட்கார்ந்த பிள்ளையின் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அது முன்னால் வீசப்படும், இழுபடுவது கழுத்து. பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அழுந்தும். விசை முதுகு முழுக்கப் பரவிவிடும்.

1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் இதை யோசித்தது விண்வெளி வீரர்களைப் பார்த்துத்தான். ராக்கெட் கிளம்பும்போது வரும் விசையை அவர்கள் மல்லாந்து படுத்து முதுகால் தாங்குவார்கள். அதே தத்துவத்தில் 1964ல் பின்னோக்கிய குழந்தை இருக்கையின் முன்மாதிரியைச் செய்து சோதித்தார். ஸ்வீடனில் இன்றும் நான்கு வயதை ஒட்டிப் பிள்ளைகளைப் பின்னோக்கியே உட்காரவைப்பது வழக்கம்.

எதுவரை? சீட் அனுமதிக்கும் கடைசி உயரம் அல்லது கடைசி எடை வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011ல் 2 வயது வரையாவது என்று சொல்லியிருந்தது. 2018ல் அந்த வயதையே எடுத்துவிட்டு, சீட்டின் வரம்பு வரை என்று மாற்றியது. கால் மடங்குவது வரம்பு ஆகாது. பிள்ளைகள் சம்மணம் போடுவார்கள், தவளைபோல் காலை விரிப்பார்கள், பாதத்தைச் சாய்வில் ஏற்றுவார்கள். அதெல்லாம் அவர்களுக்கு வசதிதான். தலை ஓட்டின் மேல்விளிம்பை நெருங்குகிறதா என்பதைப் பாருங்கள். என் மகன் இப்போது 88 செ.மீ., 12 கிலோ 400. இன்னும் பின்னோக்கித்தான் உட்காருகிறான், பின்கண்ணாடி வழியாக வரும் லாரிகளை எண்ணிக்கொண்டு.

விதிகளை எப்படிப் படிப்பது

அமெரிக்காவின் முதல் குழந்தை இருக்கைச் சட்டம் டென்னசி மாநிலத்தில் 1978ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் நின்று போராடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். இன்று நாட்டுக்கு நாடு எல்லைக்கோடு மாறுகிறது. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குத் தகுந்த இருக்கை வேண்டும். மலேசியாவில் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம். ஆஸ்திரேலியாவில் வயதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்: 6 மாதம் வரை பின்னோக்கி மட்டும், 4 வயது வரை உள்வார் (சீட்டோடு சேர்ந்தே வரும் வார்) கொண்ட சீட், 7 வயது வரை அந்த சீட் அல்லது பூஸ்டர் (கார் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தும் மணை). இந்தியாவில் 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத பிள்ளைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியது.

இந்த வரிசையைப் படித்ததும் ஒன்று புரியும். ஒரே பிள்ளை ஒரு நாட்டில் 8 வயதில் சட்டப்படி விடுதலை ஆகிறது, இன்னொரு நாட்டில் 11 வயதிலும் ஆவதில்லை. எல்லை தாண்டியதும் பிள்ளையின் இடுப்பெலும்பு மாறிவிடுவதில்லை. அபராதத்துக்கான கோட்டைத்தான் சட்டம் போடுகிறது. என் மகளை 9 கிலோவில் திருப்ப அனுமதித்ததும் அப்படி ஒரு கோடுதான். அதனால் உங்கள் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்டு அதற்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். அதோடு நின்றுவிடாமல் சீட்டின் வரம்பையும் பிள்ளையின் அளவையும் பார்த்து முடிவெடுங்கள். வாடகைக் காருக்குச் சில இடங்களில் விதிவிலக்கு உண்டு. மோதலுக்கு அந்த விதிவிலக்கு தெரியாது.

இனி லேபிளில் இருக்கும் எழுத்துகள். ஐ.நா. விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் இரண்டு தரங்களைப் பார்ப்பீர்கள். பழையது ஆர்44. அது எடையை வைத்துப் பிரிக்கும்: 0+ என்றால் 13 கிலோ வரை, 1 என்றால் 9 முதல் 18 வரை, 2 என்றால் 15 முதல் 25 வரை, 3 என்றால் 22 முதல் 36 வரை. 2013ல் வந்த ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது, 15 மாதம் தாண்டும்வரை பின்னோக்கித்தான் என்று கட்டாயப்படுத்துகிறது. ஐ-சைஸ் என்ற முத்திரை இந்தத் தரத்தின் ஒரு பகுதி. இரண்டிலுமே வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எந்த நாடு சான்று கொடுத்தது என்பதுதான் அந்த எண். ஈ1 ஜெர்மனி, ஈ4 நெதர்லாந்து. ஆர்44 சீட்டின் சான்று எண் 03 அல்லது 04 என்று தொடங்கினால் வைத்துக்கொள்ளலாம், 01, 02 என்றால் வேண்டாம். புதிதாக வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு ஆர்129க்குத்தான்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சீட் விஷயத்தில் கவனம் தேவை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்றுக்கும் தனித்தனித் தரங்கள். கனடாவில் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்புச் சின்னம் இல்லாத சீட் செல்லாது. ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ்/என்.இசட்.எஸ் 1754 என்ற எண் வேண்டும். ஐரோப்பாவின் மிகச் சிறந்த சீட்கூட அங்கே சட்டப்படி சீட் ஆகாது. அன்போடு தூக்கி வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது

பிறந்த குழந்தைக்குக் கைப்பிடி வைத்த, தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறிய சீட் ஒன்று. அதற்குப் பிறகு பின்னோக்கியும் முன்னோக்கியும் திரும்பும் பெரிய சீட். அதற்குப் பிறகு முதுகோடு கூடிய பூஸ்டர். இதுதான் பொதுவான வரிசை. பிறந்தது முதல் 12 வயது வரை ஒரே சீட் போதும் என்று விற்பவற்றில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. சான்று பெற்றவைதான், பாதுகாப்பானவைதான். ஆனால் 3 கிலோ குழந்தையை அதில் வைத்தால் பக்கமெல்லாம் இடைவெளி, தலை ஒருபுறம் சாய்ந்துவிடும். வாங்கினால் பிறந்த குழந்தைக்கான உள்மெத்தை அதோடு வருகிறதா என்று பாருங்கள்.

விலை கூடினால் பாதுகாப்பு கூடும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. விற்பனைக்கு வரும் எல்லா சீட்டும் அந்தந்த நாட்டின் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். விலை கூடும்போது பெரும்பாலும் துணியும் சுழலும் வசதியும் கூடுகின்றன. உங்கள் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும், உங்கள் காருக்குப் பொருந்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் தவறில்லாமல் நீங்கள் மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மழையில், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் மாட்டிப் பார்க்கும்போதுதான் அந்த சீட்டின் குணம் தெரியும்.

கடைக்குப் போகும்போது காரையும் கொண்டுபோங்கள், முடிந்தால் பிள்ளையையும். கொண்டுபோகும் முன் காரில் நான்கு விஷயம் பார்த்துவிடுங்கள். பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் பிளவில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படுகின்றனவா? நடுவிலிருந்து நடுவுக்கு 28 செ.மீ. இருக்கும், அவைதான் ஐசோஃபிக்ஸ்; பெல்ட் இல்லாமல் சீட்டின் கொக்கிகளை நேராக மாட்டும் இடம். டாப் டெதர் (சீட்டின் மேற்பகுதியைக் காரோடு பிணைக்கும் வார்) மாட்டும் கொக்கி சாய்வின் பின்புறமோ பின்தட்டிலோ இருக்கிறதா? (சாமான் கட்டும் வளையத்தை அதுவென்று நினைத்துவிடக்கூடாது. நங்கூரப் படம் போட்டிருப்பதுதான் டெதர்.) பின்சீட்டுக்கு முன்னால் தரையில் மூடி போட்ட பெட்டி இருக்கிறதா? இருந்தால் சப்போர்ட் லெக் (சீட்டிலிருந்து இறங்கித் தரையில் ஊன்றும் கால்) வைத்த சீட் அங்கே ஊன்றக்கூடாது, அந்த மூடி விசையைத் தாங்காது. கார் கையேடு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நான்காவது, பின்சீட் பெல்ட் தோள்வரை வருகிறதா, இடுப்புக்கு மட்டுமா? இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள இடத்தில் பூஸ்டர் வைக்கவே கூடாது.

பொருத்துவது

நான் அதிகம் சொல்ல நினைப்பது இங்கேதான். நல்ல சீட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் படிப்பவர்கள், அதைப் பொருத்த பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கே வைப்பது? பின்சீட்டில். நடுவில் உறுதியாகப் பொருந்தினால் நடுவே நல்லது, எந்தப் பக்கத்திலிருந்து மோதினாலும் தூரம் அதிகம். ஆனால் பல கார்களில் நடுவில் ஐசோஃபிக்ஸ் கிடையாது, இருக்கையும் மேடாக இருக்கும். ஆடும் நடுவைவிட ஆடாத ஓரம் மேல். முன்சீட்டில் பின்னோக்கிய சீட் வைக்கவே வேண்டாம். அங்கே ஏர்பேக் விரிந்தால் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஓட்டின் மேல் முழு வேகத்தில் அடிக்கும். சூரியத் தடுப்புப் பலகையில் சிவப்பு வட்டம் போட்டு எச்சரித்திருப்பது இதைத்தான். ஏர்பேக்கை அணைக்கும் சாவி இல்லாத காரில் இது உயிர்ப் பிரச்சினை.

ஐசோஃபிக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் கேட்க வேண்டும், இரண்டு பக்கமும் பச்சை தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டி ஓடிக்கொண்டிருக்கும் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கொக்கி மட்டும் இருந்தால் மோதும்போது சீட் அவற்றை அச்சாக வைத்து முன்னால் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் சப்போர்ட் லெக்கோ டாப் டெதரோ. காலைத் தரையில் அழுத்தமாக ஊன்றவும், ஆனால் சீட்டையே மேலே தூக்கிவிடும் அளவுக்கு நீட்டக்கூடாது. டெதர் வார் தளர்ந்து தொங்கக்கூடாது. ஐ-சைஸ் சீட்டுகளில் உள்வாரோடு பிள்ளையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக்கூடாது. எனவே 14 கிலோ எடையுள்ள சீட் வாங்கினால் பிள்ளைக்கு மிஞ்சுவது 19 கிலோதான். மற்றவற்றுக்கு லேபிளில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

பெல்ட்டால் பொருத்துவது தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். சரியாகச் செய்தால் உறுதிதான், சரியாகச் செய்வதுதான் சிரமம். பெல்ட் போகும் பாதைக்கு வண்ணம் இருக்கும்: பின்னோக்கி என்றால் நீலம், முன்னோக்கி என்றால் சிவப்பு. முறுக்கில்லாமல் அந்தப் பாதையில் விட்டு, கொக்கியில் மாட்டி, உங்கள் முழங்காலையோ உள்ளங்கையையோ சீட்டுக்குள் ஊன்றி உடல் எடையை இறக்குங்கள். அழுத்தியபடியே மற்றொரு கையால் தோள்பகுதி பெல்ட்டை இழுத்து, சீட்டில் பூட்டும் கிளிப் இருந்தால் பூட்டுங்கள். நான் இதைச் செய்யும்போது என் கணவர் பின்னாலிருந்து பெல்ட்டை இழுப்பார். இருவர் செய்தால் வேலை பாதி.

முடித்ததும் சோதனை. பெல்ட் போகும் இடத்தில், அங்கேதான், மேல்விளிம்பில் அல்ல, கையால் பிடித்து இடம் வலமாகவும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இரண்டரை செ.மீ.க்கு மேல், கிட்டத்தட்ட கட்டைவிரல் அகலத்துக்கு மேல், நகரக்கூடாது. பின்னோக்கிய சீட்டின் தலைப்பக்கம் கொஞ்சம் ஆடும், அது பரவாயில்லை. அக்கா ஆட்டியபோது எங்களுடையது ஒரு சாண் நகர்ந்தது என்றேனே, காரணம் பெல்ட் முன்னோக்கிய பாதைக்குப் பதில் பின்னோக்கிய பாதையிலேயே கிடந்தது. சீட்டைத் திருப்பிய நான் பெல்ட்டை மாற்றவில்லை.

பிறந்த குழந்தைக்குச் சாய்மானம் முக்கியம். மிகவும் நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் விழுந்து தாடை மார்பில் முட்டும், மூச்சுக்குழல் மடங்கும். சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ குமிழோ இருக்கும். சமதரையில் வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். எங்கள் பிரிவில், 37 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன், அதன் சொந்த சீட்டிலேயே குறைந்தது 90 நிமிடம் உட்காரவைத்து இதயத்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு மூன்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்போம். சில பிஞ்சுகளுக்கு அந்த நிலையில் ஆக்சிஜன் இறங்கிவிடும். அவர்களுக்குப் படுக்கவைத்தே கொண்டுபோகும் கார் படுக்கையைச் சொல்வோம். குறைமாதக் குழந்தை என்றால் இப்படிச் சோதித்தார்களா என்று நீங்களே கேளுங்கள், தயங்க வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்கும் சீட் பயணத்துக்கு மட்டும்தான். வீடு வந்ததும், தூக்கம் கலைந்தாலும் சரி, எடுத்துத் தட்டையான படுக்கையில் போட்டுவிடுங்கள்.

பிள்ளையைக் கட்டுவது

தோள்வார் எந்த உயரத்தில் சீட்டிலிருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள். பின்னோக்கி என்றால் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே. முன்னோக்கி என்றால் தோளுக்குச் சமமாக அல்லது சற்று மேலே. இது மாறிவிடக்கூடாது. பிறகு இடுப்பு வாரை முதலில் இழுத்து, தோள்வாரை அதன்பிறகு இறுக்குங்கள். காறையெலும்புக்கு மேல் இருக்கும் வாரை இரண்டு விரலால் நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வு. பிடிபடாமல் விரல் வழுக்கினால் சரி. வட அமெரிக்க சீட்டுகளில் மார்புக் கிளிப் ஒன்று இருக்கும். அது அக்குள் உயரத்தில் நிற்க வேண்டும், வயிற்றில் அல்ல.

தடித்த குளிர்ச் சட்டையோடு கட்டாதீர்கள். கையில் இறுக்கமாகத் தெரியும். மோதும்போது சட்டைக்குள் இருக்கும் காற்று நசுங்கி, வாருக்கும் உடம்புக்கும் நடுவே பிள்ளை நழுவும் அளவுக்கு இடம் வந்துவிடும். மெல்லிய உடுப்போடு கட்டிவிட்டு மேலே போர்வையைப் போர்த்துங்கள். சீட்டோடு வராத தலையணை, வார் உறை, அடியில் போடும் மெத்தை எதையும் சேர்க்க வேண்டாம். அவற்றோடு அந்த சீட்டை யாரும் மோதிச் சோதித்ததில்லை.

அழுவார்கள். என் மகன் நான்கு மாதத்தில் கட்டியவுடன் முதுகை வில்லாக வளைப்பான். கொக்கி வெயிலில் சுட்டதா, வார் தொடையைக் கிள்ளுகிறதா, சீட்டின் உள்மெத்தை சிறியதாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியில் உள்மெத்தைதான் காரணம், எடுத்ததும் அடங்கினான். காரணம் கிடைக்காவிட்டாலும் ஓடும் வண்டியில் வாரை மட்டும் அவிழ்க்காதீர்கள். வண்டியை ஓரம்கட்டி, எடுத்து, அமர்த்தி, திரும்பக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் ஒருநாள் அரைமணி நேரப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்திருக்கிறோம்.

பூஸ்டரும் அதற்குப் பிறகும்

பெரியவர்களின் பெல்ட் இடுப்பெலும்பின் முன்முனைகளில் தங்கும்படி அமைந்தது. சின்னப் பிள்ளைக்கு அந்த முனைகள் இன்னும் எழும்பவில்லை. அதனால் பெல்ட் மேலே வழுக்கி வயிற்றுக்கு வரும். வயிற்றில் இருப்பது குடலும் கல்லீரலும். பூஸ்டரின் வேலை பிள்ளையை உயர்த்துவது, பெல்ட்டைத் தொடையோடு ஒட்டித் தாழ்வாகப் பிடித்துக்கொள்வது. உள்வார் சீட்டின் உயரமோ எடையோ முடியும்வரை பூஸ்டருக்குப் போகாதீர்கள். 4 வயதில் முடிந்தாலும், பயணம் முழுக்கச் சாயாமல் குனியாமல் உட்காரும் பொறுமை வந்துவிட்டதா என்று பாருங்கள்.

முதுகுள்ள பூஸ்டரே வாங்குங்கள். பக்க மோதலில் தலைக்கு அரண் அது. தூங்கும்போது பெல்ட்டிலிருந்து சரிந்து வெளியே வராமலும் பிடித்துக்கொள்ளும். முதுகில்லாத வெறும் மணையை, 125 செ.மீ. தாண்டி 22 கிலோவும் ஆன பிள்ளைகளுக்கு என்றுதான் 2017க்குப் பிறகு ஐ.நா. தரத்தில் புதிதாக அனுமதிக்கிறார்கள். யாரும் உட்காராத நேரத்திலும் பூஸ்டரைப் பெல்ட்டால் மாட்டியே வையுங்கள், இல்லாவிட்டால் மோதலில் அதுவே பறந்து வரும்.

எப்போது விடலாம்? அமெரிக்காவில் 145 செ.மீ. என்பார்கள், வேறு இடங்களில் 135, 150 என்று பார்த்தோம். எண்ணைவிட இதைச் செய்து பாருங்கள்: பூஸ்டர் இல்லாமல் முதுகை முழுக்கச் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடங்க வேண்டும், இல்லாவிட்டால் வசதிக்காக முன்னால் நகர்ந்து கூன்போட்டுவிடுவார்கள். இடுப்பு பெல்ட் தொடை தொடங்கும் இடத்தில் கிடக்க வேண்டும். தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே வர வேண்டும். கடைசியாக, அப்படியே பயணம் முழுக்க இருக்க முடிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பூஸ்டர்தான். வேறொரு காரில் அதே பிள்ளைக்கு விடை மாறலாம், அதையும் பாருங்கள். பெல்ட் கழுத்தை உரசுகிறது என்று அதை அக்குளுக்குக் கீழேயோ முதுகுக்குப் பின்னாலோ போட்டுக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். பார்த்த இடத்தில் நிறுத்துங்கள்.

இரவல் சீட்

தெரிந்தவர் கொடுத்தால் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். இது எப்போதாவது விபத்தில் இருந்ததா? தயாரித்த தேதி என்ன, காலாவதி ஆகிவிட்டதா? கையேடும் எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா? முதல் கேள்விக்கு மனமறிந்து பதில் சொல்ல முடியாத யாரிடமும் வாங்க வேண்டாம். பிளாஸ்டிக் ஓட்டின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

பெரிய மோதலுக்குப் பிறகு சீட்டை மாற்றியே ஆக வேண்டும். லேசான இடிக்கு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஓர் அளவு வைத்திருக்கிறது: வண்டியை அங்கிருந்து ஓட்டிப்போக முடிந்தது, சீட்டுக்குப் பக்கத்துக் கதவுக்குச் சேதமில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை. ஐந்தும் சேர்ந்து உண்மையானால்தான் தொடர்ந்து பயன்படுத்தலாம். உங்கள் சீட்டின் கையேடு இதைவிடக் கடுமையாகச் சொன்னால் கையேட்டின் சொல்தான் செல்லும். வாரைச் சலவைத் தூள் போட்டு ஊறவைத்துத் துவைக்காதீர்கள், நூலின் பலம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எங்கள் இரண்டு சீட்டின் பக்கவாட்டிலும் ஒரு காகிதப்பட்டி ஒட்டி, பிள்ளையின் பெயர், கடைசியாக அளந்த தேதி, உயரம், எடை, சீட்டின் வரம்பு எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து மாற்றி எழுதுவேன். யார் வண்டி ஓட்டினாலும், யார் பிள்ளையைக் கட்டினாலும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை மகளை அளந்தேன், 132 செ.மீ. "இன்னும் மூணுதான்மா" என்று விரலைக் காட்டினாள். காரில் பூஸ்டர் இல்லாமல் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டுப் பார்த்தோம். முழங்கால் விளிம்புக்கு வரவில்லை, பெல்ட் கழுத்தைத் தொட்டது. அவளே எட்டி பூஸ்டரை எடுத்து அடியில் வைத்துக்கொண்டாள்.